பிள்ளையைச் சொன்னால் தாயைக் காட்ட வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் விஷயம் என்று தெரிந்ததும் தாண்டிப் போய்விடாதீர்கள். இது கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றிய விஷயமும்தான்.

எங்கள் ஊர்ப் பக்கம் அம்மாக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் குறைவு. குமார் அம்மா, செல்வி அம்மா, கடைசிப் பையன் பிரபலமாகிவிட்டால் அவன் பெயரில் இன்னொரு அம்மா. நான் முப்பத்து நான்கு வருஷம் வகுப்பெடுத்த பள்ளியில் பல தாய்மார்களின் சொந்தப் பெயர் எனக்குப் பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். பிள்ளையைச் சொன்னால் தாயைச் சொல்லிவிடுவேன். அது எனக்கு மட்டுமல்ல, பால்காரருக்கும் தபால்காரருக்கும் தெரியும். ஆனால் இந்தச் சின்ன வேலை ஒரு பெரிய மென்பொருளுக்குத் தெரியவில்லை என்றபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது.

எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கட்டணம், சான்றிதழ், விடுதி என்று கூடவே நின்று முடித்துக் கொடுப்பது வேலை. பணம் போடுவது அவர்கள். வீட்டுக்குப் போய்ப் பேசுவது, ஈ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பது, போன் பண்ணித் தொந்தரவு செய்வது என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள். முதலில் ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தோம். அப்புறம் வாட்ஸப். வாட்ஸப்பில் எழுதியது வெள்ளத்தில் போட்ட வெல்லம், இரண்டு நாளில் தேடினாலும் கிடைக்காது.

2023இல் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பையன் (பையன் என்ன பையன், அவனுக்கு இரண்டு பிள்ளைகள்) "டீச்சர், எங்க ஆபீஸ்ல வேலையை எல்லாம் எப்படித் தடம் பிடிப்போமோ அதே மாதிரி உங்களுக்கு ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்று சொல்லி ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். மென்பொருள் கம்பெனிகளில் ஜிரா, அஷூர் டெவ்ஆப்ஸ், ரெட்மைன் என்று பலவிதம் இருக்கின்றன. நாங்கள் வைத்திருப்பது எது என்று சொல்லப்போவதில்லை. விளம்பரமும் வேண்டாம், வம்பும் வேண்டாம். ஜிரா என்ற பெயரைக் கேட்டுவிட்டு என் தங்கை, "குலாப்ஜாமூன் ஊறப்போடுறதா?" என்றாள். இல்லை. ஜப்பான்காரர்கள் காட்ஜில்லா என்ற அந்த ராட்சதப் பிராணியைக் கோஜிரா என்பார்களாம், அதன் வாலைப் பிடித்து வைத்த பெயர். ஆஸ்திரேலியாவில் சிட்னியில் இரண்டு கல்லூரித் தோழர்கள் 2002இல் ஆரம்பித்த அட்லாசியன் கம்பெனியின் சரக்கு அது.

எந்த மென்பொருளானாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பெரிய வேலை. அதற்குக் கீழே சின்ன வேலைகள். பெரியதை ஆங்கிலத்தில் பேரன்ட் என்கிறார்கள், கீழே இருப்பது சைல்டு. எங்கள் குழுவில் தாய், பிள்ளை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தாய் இல்லாமல் தனியாகக் கிடக்கும் சின்ன வேலைக்கு அவர்கள் வழக்கில் அநாதை என்று பெயர். எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. எங்கள் குழுவில் அதை "தனி" என்று மாற்றச் சொல்லிவிட்டேன்.

எங்களிடம் ஒவ்வொரு மாணவரும் ஒரு தாய் உருப்படி. அதில் பெயர், ஊர், அம்மா அல்லது அப்பாவின் போன் நம்பர், சேரப்போகும் படிப்பு எல்லாம் இருக்கும். அதன் கீழே பிள்ளைகள்: வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம், கல்லூரிக் கட்டணம், விடுதி. இது கலைக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கான அச்சு, ஏழு வேலை. பொறியியல் மாதிரி ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேரும் தொழிற்படிப்புகளுக்கு எட்டாவதாக முதல் பட்டதாரிச் சான்று. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைக்கு அந்தச் சான்று இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் முதல் பட்டதாரிகள். ஆகவே அந்த ஒரு தாள் சாதாரணத் தாள் இல்லை.

முதல் வருஷம் ஒரு பையன் எங்கள் கையை விட்டுப் போனான். பாலிடெக்னிக்கில் சேர்ந்தாயிற்று, கட்டணம் கட்டியாயிற்று, யாரோ தன்னார்வலர் சந்தோஷமாகத் தாய் உருப்படியை "முடிந்தது" என்று போட்டுவிட்டார். விடுதி என்ற பிள்ளை மட்டும் கீழே திறந்தே கிடந்தது. தாய் முடிந்துவிட்டதால் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. தினம் நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வந்து, இரண்டு மாதத்தில் அலுத்துப்போய், மாமாவுடன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் தன்னார்வலரும் ராத்திரி பத்து மணிக்கு மேல் தன் வேலையை முடித்துவிட்டு இதைச் செய்தவர். ஆனால் அந்த விடுதி வேலை திறந்தே கிடக்கிறது என்று ஒரே ஒரு கேள்வியில் கேட்க முடிந்திருந்தால் அவனை ஆகஸ்டிலேயே பிடித்திருக்கலாம்.

அந்தக் கேள்வி இதுதான்: "எந்தெந்தத் தாயின் கீழே விடுதி என்ற பிள்ளை இன்னும் முடியாமல் இருக்கிறது?"

மென்பொருள் போட்டுத் தந்தவனை போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"டீச்சர், தாயைக் கொடுத்தா பிள்ளைங்களைக் காட்டும். பிள்ளையைக் கொடுத்து தாயைக் கேட்டா நேரா காட்டாது டீச்சர்."

"ஏன்டா காட்டாது? பிள்ளைக்குத் தாய் யாருன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் என்ன?"

"பிள்ளைக்குத்தான் தெரியும் டீச்சர். தாய்க்குத் தெரியாது."

இந்தப் பதிலை நான் சும்மா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவழைத்து, இட்லி போட்டு, ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் பாணியிலேயே எழுதுகிறேன்.

பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு பார்த்திருப்பீர்கள். ஒரு வரிக்கு ஒரு மாணவர். அந்த வரியில் தகப்பனார் பெயர் என்று ஒரு கட்டம். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்தால் மூன்று வரி, மூன்றிலும் அதே தகப்பனார் பெயர். தகப்பனார்களுக்கென்று தனியாக வரி போட்டு, அதில் அவரவர் பிள்ளைகளின் பெயரை எழுதும் பதிவேடு பள்ளியில் கிடையாது. மென்பொருளிலும் அப்படித்தான். தாய்க்கும் ஒரு வரி, பிள்ளைக்கும் ஒரு வரி. பிள்ளையின் வரியில் "என் தாயின் எண் இது" என்று ஒரு கட்டம் இருக்கும். தாயின் வரியில் பிள்ளைகளைப் பற்றி எதுவும் எழுதியிருக்காது. நாம் ஒரு தாயைத் திறக்கும்போது கீழே பிள்ளைகள் வரிசையாகத் தெரிகிறார்களே என்றால், அந்த நேரத்தில் அது ஓடிப்போய் "இந்த எண்ணைத் தாயாக எழுதியிருப்பவர்கள் யார் யார்" என்று பார்த்துக் கூட்டி வந்து நிறுத்துகிறது. அவ்வளவுதான்.

தேடும் பெட்டியில் நாம் ஒரு நிபந்தனையை எழுதினால் அது ஒவ்வொரு வரியாக எடுத்து, "நீ பொருந்துவாயா?" என்று கேட்டுக்கொண்டே போகும். ஒரு வரியைக் கேட்கும்போது இன்னொரு வரியை எட்டிப் பார்க்காது. "விடுதி, முடியவில்லை" என்று கேட்டால் பிள்ளை வரிகள் கையைத் தூக்கும். தாய் வரி எதுவும் தூக்காது, அதில்தான் விடுதி என்ற சொல்லே இல்லையே.

அதனால் என்ன, பிள்ளை வரிகள் வந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். வந்ததைப் பாருங்கள். விடுதி. விடுதி. விடுதி. விடுதி. ஒரே பெயரில் பதினான்கு வரி. பக்கத்தில் தாயின் எண் மட்டும், மா-7, மா-23 என்று. பெயர் இல்லை, ஊர் இல்லை, போன் நம்பர் இல்லை. எல்லாம் தாயிடம். பதினான்கு வரியையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, மேலே ஏறி, நம்பரைப் பார்த்து, திரும்ப இறங்கி... எங்கள் குழுவில் நான்கு பேருக்குக் கண்ணில் புரை. ராத்திரி பத்து மணிக்கு மேல் யார் இதைச் செய்வார்கள்?

இன்னொரு சிக்கல். "ஏதாவது ஒரு சான்றிதழ் பாக்கி இருப்பவர்கள்" என்று கேட்டால் முப்பத்து நான்கு வரி வந்தது. முப்பத்து நான்கு பேர் பாக்கி என்று ஒருவர் குழுவில் போட்டுப் பதற்றம் கிளப்பிவிட்டார். எண்ணிப் பார்த்தால் இருபத்தொரு வீடுதான். ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று சான்று பாக்கி. பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் அனுப்பும்போது நாங்கள் வீட்டில் மூத்த பிள்ளையின் கையில் மட்டும் கொடுத்து அனுப்புவோம். தம்பி தங்கைகளுக்கும் கொடுத்தால் ஒரே அம்மாவுக்கு மூன்று கடிதம் போகும். அதே கணக்கு.

சரி, வழி என்ன? அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பிடித்த வழி எளியது, எந்த மென்பொருளுக்கும் பொருந்தும். இரண்டு தடவை தேடுவது. முதலில் பிள்ளைகளைத் தேடு. வந்த பட்டியலை எக்செல்லில் இறக்கு. தாயின் எண் இருக்கும் பத்தியை மட்டும் எடு. இரட்டிப்பை நீக்கு. மீதியுள்ள எண்களைக் காற்புள்ளி போட்டு ஒட்டி, "இந்த எண்களில் உள்ளவற்றைக் காட்டு" என்று இரண்டாவது தடவை தேடு. தாய்மார்கள் பெயரும் போன் நம்பரும் ஊருமாக வந்து நிற்பார்கள். பத்து நிமிஷ வேலை. ஊர் வாரியாக அடுக்கிக்கொண்டால் ஒரே பஸ்ஸில் மூன்று வீட்டைப் பார்த்துவிடலாம்.

மற்ற மென்பொருள்களில் எப்படி என்று அவனிடமே கேட்டு வைத்துக்கொண்டேன், கம்பெனிகளில் வேலை செய்யும் என் மாணவர்களுக்குப் பயன்படலாம். ஜிராவின் தேடல் மொழிக்கு ஜேகியூஎல் என்று பெயர். அதில் ஒரு தேடலுக்குள் இன்னொரு தேடலை வைக்கப் பொதுவாக வழியில்லை. ஸ்கிரிப்ட்ரன்னர் என்று ஒரு துணைக் கருவி வாங்கிப் போட்டால், "இந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள்" என்று கேட்கவே ஒரு செயல்கூறு கிடைக்கிறது. மைக்ரோசாப்டின் அஷூர் டெவ்ஆப்ஸில் தேடலையே மர வடிவில் அமைக்கலாம். முதலில் மேலே இருப்பதைப் பொருத்துவதா, கீழே இணைந்திருப்பதைப் பொருத்துவதா என்று அது நம்மிடமே கேட்கும். கீழே என்று சொன்னால் பொருந்தும் பிள்ளைகளும் அவர்களுக்கு மேலே தாய்மார்களும் சேர்ந்து மரமாக வந்துவிடும். தரவுதளத்தையே தொட்டு எஸ்க்யூஎல்லில் கேட்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, தேடலுக்குள் தேடல் அங்கே அன்றாடம். ஆனால் என்னைப் போன்றவர்களின் கையில் தரவுதளத்தின் சாவியை யார் கொடுப்பார்கள், கொடுக்கவும் கூடாது.

வேறொரு யோசனையும் வந்தது. பிள்ளையின் நிலை மாறும்போதெல்லாம் தாயின் நெற்றியில் ஒரு சீட்டை ஒட்டச் சொல்லி விதி எழுதி வைக்கலாம். "விடுதி பாக்கி" என்று தாயின் வரியிலேயே எழுதியிருந்தால் ஒரே தேடலில் முடிந்துவிடும். ஜிராவிலும் அப்படித் தானியங்கி விதி எழுதலாம், பிள்ளையிலிருந்து தாய்க்கு ஏறிப்போகும் கிளை அதில் உண்டு. இளைஞர்கள் எல்லோருக்கும் இந்த வழி பிடித்தது. எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறைக் கரும்பலகையின் மூலையில் பதிவு 40, வருகை 38 என்று எழுதிப் போடுவோமே, மதியத்துக்கு மேல் அதை நம்பிச் சத்துணவுக்குச் சொல்லிப் பாருங்கள். காலையில் காய்ச்சலோடு வந்த பிள்ளை பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போயிருக்கும். பலகையில் 38 அப்படியே இருக்கும். ஒட்டிய சீட்டும் அப்படித்தான். யாராவது ஒரு பிள்ளை வேலையை நீக்கிவிட்டால், விதி ஒரு நாள் ஓடாமல் நின்றுவிட்டால், சீட்டு பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். பத்து நிமிஷம் ஆனாலும் நேரே பிள்ளைகளைக் கேட்டுவிடுவது மேல்.

பிள்ளை முடியாமல் தாயை முடிக்க விடாதபடி பூட்டுப் போடலாமா என்று கேட்டேன். போடலாம், ஜிராவில்கூட அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறது, ஆனால் நாமே எடுத்துப் பொருத்த வேண்டும் என்றான். எங்கள் மென்பொருளிலும் வழி இருந்தது. அன்றே போடச் சொன்னேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இந்தப் பதிவை எழுதக் காரணம்.

2024 ஜூன். அந்த வருஷம் நாற்பத்தேழு பிள்ளைகள். தொழிற்படிப்புக்கு 29, கலைக் கல்லூரிக்கு 18. இருபத்தொன்பதை எட்டால் பெருக்கினால் 232. பதினெட்டை ஏழால் பெருக்கினால் 126. மொத்தம் 358 பிள்ளை வேலைகள் இருக்க வேண்டும். வாரக் கடைசியில் திரையின் அடியில் இருந்த மொத்தத்தைப் பார்த்தேன். 357.

ஒன்று குறைகிறது. குழுவில் சொன்னேன். "டீச்சர், ஒண்ணுதானே, எங்கயாவது டெலீட் ஆகியிருக்கும்" என்றார்கள். சுற்றுலா போய்விட்டுத் திரும்பும் பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளில் முப்பத்தொன்பதுதான் இருக்கிறது என்றால் ஒன்றுதானே என்று வண்டியை எடுக்கச் சொல்வோமா?

எண்ணிக்கை ஒன்று குறைகிறது என்று தெரிந்துவிட்டது. யார் என்று தெரியவில்லை. இரண்டு நாளாகக் கையிலிருந்த இரட்டைத் தேடலை வைத்து என்ன பண்ணியும் அது பிடிபடவில்லை. பாக்கி இருக்கும் பிள்ளைகளைத் தேடினால் பாக்கி இருப்பவை வரும். முடிந்தவற்றைத் தேடினால் முடிந்தவை வரும். இல்லாததை எப்படித் தேடுவது? இல்லாத பிள்ளையிடம் போய் உன் தாய் யார் என்று எப்படிக் கேட்பது?

இந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் பழைய வேலை நினைவுக்கு வந்தது. ஆசிரியர்கள் வருஷா வருஷம் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கப் போவோம். பள்ளிக்கு வராத பிள்ளை பதிவேட்டில் இருக்காது. பதிவேட்டை எத்தனை தடவை புரட்டினாலும் அதில் இல்லாத பிள்ளையின் பெயர் வராது. அதற்கு வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தெருவில் இருக்கும் எல்லா வீட்டையும் ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு வீட்டிலும் நின்று, உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் வயதில் யார் யார், எந்தப் பள்ளி, என்று கேட்டு எழுதுவோம். பள்ளி என்ற கட்டம் காலியாக இருக்கும் பெயர்தான் நாங்கள் தேடிப்போன பெயர். செங்கல் சூளையில், ஆடு மேய்க்கும் தரிசில், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு குடிசை வாசலில், அப்படி எத்தனையோ பிள்ளைகளைப் பிடித்து வந்திருக்கிறோம்.

அதையே செய்தேன். முதலில் தொழிற்படிப்புத் தாய்மார்கள் அத்தனை பேரையும் எக்செல்லில் ஒரு தாளில் இறக்கினேன், 29 வரி. இன்னொரு தாளில் "முதல் பட்டதாரிச் சான்று" என்ற பிள்ளைகள் அத்தனையும், முடிந்ததும் முடியாததும் தேவையில்லை என்று மூடியதும் எல்லாம். 28 வரி. முதல் தாளில் ஒவ்வொரு தாயின் எண்ணுக்குப் பக்கத்திலும், இரண்டாவது தாளில் இந்த எண் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணச் சொன்னேன். கவுன்ட்இஃப் என்ற சூத்திரம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்று, ஒன்று, ஒன்று என்று வந்துகொண்டே இருந்தது. இருபத்தாறாவது வரியில் பூஜ்யம்.

கண்மாய்க் கரைத் தெருவில் இருக்கும் பெண். அப்பா இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர். ஏப்ரலில் பெயர் பதியும்போது பி.எஸ்ஸி. கணிதம் என்று சொல்லியிருந்தது. மே மாதம் ரிசல்ட் வந்தது, எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண். பள்ளியில் சொல்லி, பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். எங்கள் ஆள் ஒருவர் அதைக் கேள்விப்பட்டு, தாய் உருப்படியில் படிப்பு என்ற கட்டத்தைச் சரியாகவே மாற்றியும் வைத்திருக்கிறார். ஆனால் கீழே இருந்த பிள்ளைகள் ஏப்ரலில் போட்ட கலைக் கல்லூரி அச்சில் வந்தவை, ஏழுதான். தாயை மாற்றினால் பிள்ளைகள் தானாக மாறாது. எட்டாவது பிள்ளை பிறக்கவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் திரையில் அந்தப் பெண்ணின் நிலைதான் எல்லோரையும்விட நன்றாக இருந்தது. சேர்க்கைக்கு முன்னால் முடிக்க வேண்டிய சான்றிதழ்கள் எல்லாம் பச்சை. பாக்கிப் பட்டியல் எதிலும் பெயர் இல்லை. அதனால் யாரும் அந்த வீட்டுக்கு போனே பண்ணவில்லை. அழுகிற பிள்ளைக்குப் பால் என்பார்கள். அழுவதற்கு ஆளே இல்லாத இடம் அது.

சான்றிதழ்களைப் பதிவேற்றக் கடைசி நாளுக்கு ஐந்து நாள் இருந்தது. போன் போட்டேன். அந்தப் பெண்ணே எடுத்தாள்.

"முதல் பட்டதாரிச் சான்று வாங்கிட்டியாம்மா?"

"அது என்ன டீச்சர்?"

மறுநாள் காலை எட்டரைக்கு நானும் அவள் அம்மாவும் ஈ-சேவை மையத்தின் வாசலில் இருந்தோம். அந்த அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை, ஒரு நாள் கூலி போயிற்று. குடும்ப அட்டை, மாற்றுச் சான்றிதழ், ஆதார் எல்லாம் மஞ்சள் பையில். விண்ணப்பம் அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே ஏறிப்போக வேண்டும். எங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனுஷர், சாயங்காலமே வீட்டுக்கு வந்து அக்கம்பக்கம் விசாரித்துவிட்டுப் போனார். நான்காம் நாள் மத்தியானம் சான்று கிடைத்தது. அன்று ராத்திரி பதிவேற்றினோம். மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது, அது வேறு கதை.

அந்தச் சான்று இல்லாவிட்டால் கல்லூரி கிடைத்திருக்காதா என்றால், கிடைத்திருக்கும். இடம் மதிப்பெண்ணுக்குக் கிடைப்பது. ஆனால் கட்டணச் சலுகை இல்லாத ரசீதைப் பார்த்ததும் அந்த அம்மா என்ன முடிவு எடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் அப்படி எடுத்த முடிவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது அவள் இரண்டாம் ஆண்டு. சிவில் எடுத்திருக்கிறாள்.

இதற்குப் பிறகு குழுவில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். தாயின் படிப்பு மாறினால், பழைய உருப்படியைத் திருத்தாமல், சரியான அச்சிலிருந்து புதிய தாயைப் போட்டு, முடிந்ததை அதில் குறித்துவிட்டுப் பழையதை மூடுவது. கொஞ்சம் கூடுதல் வேலை. இளைஞர்கள் முணுமுணுத்தார்கள், பரவாயில்லை. அதோடு சேர்க்கைக் காலம் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பட்டியல் எடுக்கிறோம். ஒன்று, பாக்கியுள்ள பிள்ளைகளின் தாய்மார்கள். இன்னொன்று, இருக்க வேண்டிய பிள்ளை இல்லாத தாய்மார்கள். முதல் பட்டியல் நீளமாக இருக்கும், அதைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. பாக்கி என்று தெரிந்த வேலையை யாராவது ஒருவர் முடித்துவிடுவார். இரண்டாவது பட்டியல் பெரும்பாலும் காலியாக இருக்கும், அல்லது இரண்டு மூன்று வரி. அதைத்தான் நான் முதலில் திறக்கிறேன்.

மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "டீச்சர், எங்க டீம்ல இதே கதைதான். பெரிய வேலைக்குக் கீழ டெஸ்டிங்னு ஒரு சின்ன வேலை இருக்கணும். சிலதுல போடவே மறந்துடுவாங்க. போட்டதெல்லாம் பச்சையா இருக்கும், ரிலீஸ் பண்ணிடுவோம், ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும்" என்றாள். இல்லாததைத் தேடும் அந்தப் பட்டியலை நீங்களும் எடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். எடுக்கிறாளா என்று அடுத்த முறை ஊருக்கு வரும்போது கேட்பேன்.

இந்த வருஷம் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். இன்று மாலை எடுத்த இரண்டாவது பட்டியலில் மூன்று வரி. ஒன்றில் வங்கிக் கணக்கு என்ற பிள்ளை இல்லை, விசாரித்ததில் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, சேர்த்தாயிற்று. இன்னொன்றில் இருப்பிடச் சான்று, அவன் அப்பா நாளை வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது வீட்டில் இரண்டு தடவையும் போன் எடுக்கவில்லை. காலை ஒன்பது மணி டவுன் பஸ் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.